திருத்தம் வராத ஞாயிறுகள்

இசக்கிமுத்து கப்பலேறிய பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வந்துவிடுவேன் என்று சொன்னபோது, அதை நம்பியவள் அவன் தங்கை பேச்சி ஒருத்திதான்.

"எங்கண்ணன் சொன்ன நேரத்துக்கு வரமாட்டான். ஆனா வராம இருக்கவும் மாட்டான்," என்றாள்.

கப்பல் என்றால் கடலில் போகிற கப்பல் இல்லை. வியாழனின் நிலவு ஒன்றை ஆராயப் புறப்பட்ட 'நெய்தல்'. அதில் போன ஐந்து பேரில் இசக்கி எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளன். அண்ணனுக்கும் தங்கைக்கும் தாய் தகப்பன் இல்லை. போவதற்கு முன் தங்கைக்கு அவன் கொடுத்த வாக்கு அந்த ஆட்டம் ஒன்றுதான்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் அமலியின் வீடு. சரக்குக் கப்பல்களைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு வேலை. அவள் வீட்டு மாடியறையில் ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து பேர் கூடுவார்கள். அமலி, இசக்கி, பேச்சி, பல் டாக்டர் ஜெசிமா, அப்புறம் படகு எஞ்சினுக்கு உதிரிபாகம் விற்கும் தளவாய். ஒரு மேசை, கொஞ்சம் பகடைகள், மற்றதெல்லாம் பேச்சு. அமலி கதையை நடத்துவாள். மற்ற நால்வரும் ஆளுக்கொரு பாத்திரமாகி, நான் இதைச் செய்கிறேன், நான் அங்கே போகிறேன் என்பார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கடல் நடுவில் உப்புக்கோட்டை என்றொரு ஊரைக் கற்பனை செய்து, அதில் பல வருடமாகக் கள்ளச்சரக்கு கடத்திக்கொண்டிருந்தார்கள். பேச்சி 'கொடுக்கு' என்ற திருடி. இசக்கி 'மலையன்' என்ற படகோட்டி. மலை மாதிரி உடம்பு, கொசு அளவு தைரியம். கதையை நடத்துகிறவள் என்பதால் அமலிக்குக் 'கண்டக்டர்' என்று பேர் விழுந்திருந்தது.

"கண்டக்டர், என்ன முந்தின ஸ்டாப்புலயே எறக்கி விட்டுரு. அந்தக் குகைக்குள்ள நான் வரல," என்று மலையன் சொல்லாத ஞாயிறே கிடையாது.

கப்பல் புறப்பட்ட புதிதில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இசக்கியின் நாற்காலியில் ஒரு திரையை வைத்தார்கள். அவன் பேச்சு இரண்டு மூன்று நொடி பிந்தி வந்தது, அதைக் கேலி செய்துகொண்டே ஆடினார்கள். கப்பல் தூரம் போகப் போக நொடிகள் நிமிடங்களாயின. "மலையா, கதவைத் தட்டுறியா ஒடைக்கியா?" என்று கேட்டுவிட்டு, தேநீர் ஆறி, முறுக்குத் தட்டு காலியாகி, தளவாய் கொட்டாவி விட்டு முடிக்கும்போது பதில் வரும். அதற்குள் எல்லோருக்கும் கேள்வியே மறந்திருக்கும். ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்று ஜெசிமா சொன்னாள். பேச்சி அவளிடம் ஒரு வாரம் பேசவில்லை.

அப்போதுதான் கப்பலை அனுப்பிய ஆழ்வெளி நடுவத்திலிருந்து விமலாதித்தன் வந்தார். விண்வெளிக்குப் போனவர்களின் மனநலத்தையும் அவர்கள் குடும்பங்களையும் கவனித்துக்கொள்ளும் ஆலோசகர். தேங்காய் மூடி அளவில் ஒரு ஒலிபெருக்கியை இசக்கியின் நாற்காலிக்கு முன்னால் வைத்தார்.

"இதுக்கு நிழல்னு பேரு. சாரோட பழைய ஆட்டப் பதிவு முழுக்கக் கேட்டுப் பழகியிருக்கு. அவர் என்ன சொல்லுவார்னு ஊகிச்சு, அவர் குரல்லயே பேசும். நீங்க நிறுத்தாம ஆடலாம். ஆட்டம் முடிஞ்சதும் பதிவு கப்பலுக்குப் போயிடும். நிழல் எங்கயாவது தப்பா ஆடியிருந்தா அவர் திருத்தம் அனுப்புவார். அடுத்த வாரம் அந்தத் திருத்தத்துல இருந்து தொடங்குங்க."

"அப்ப எங்கண்ணன் வெளையாடலியா?" என்று பேச்சி கேட்டாள்.

"விளையாடுறார். கொஞ்சம் பிந்தி விளையாடுறார்."

"எங்க கொரலும் இதுக்குள்ள போவுமா?" என்றாள் ஜெசிமா.

"போகும் டாக்டர். எல்லாரையும் கேட்டாத்தான் யாருக்கு யார் எப்படிப் பதில் சொல்லுவாங்கன்னு அது கத்துக்கும்."

ஜெசிமா அந்த ஒலிபெருக்கியை விரலால் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

முதல் திருத்தத்தை அமலியால் மறக்கவே முடியாது. நிழல் ஆடிய முதல் ஆட்டத்தில் மலையன் தீப்பிடித்த பாலத்தில் முதல் ஆளாக ஓடிப் போய் எல்லோரையும் காப்பாற்றியிருந்தான். இரண்டு நாள் கழித்து இசக்கியின் குரல் வந்தது.

"ஏட்டி பேச்சி, நீ சொல்லு. நான் அப்படியா தீக்குள்ள ஓடுவேன்? எவன்டி அவன், என் பேரக் கெடுக்கான்? கண்டக்டர், எழுதிக்க. மலையன் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிக்கான். நின்னு, தண்ணி கொண்டாங்கன்னு கத்துதான். அம்புட்டுதான்."

பின்னணியில் மின்விசிறிகள் இரைந்தன. "இந்த மனுசன் தூங்க விடுதாரா பாரு" என்று ஒரு பெண்குரல் அதட்டியது. அது கப்பலின் மருத்துவர் மரகதம். பாளையங்கோட்டைக்காரி. அவள் கணவர் செல்லத்துரையைக் குடும்பங்களின் கூட்டமொன்றில் அமலி பார்த்திருக்கிறாள்.

பேச்சி சிரித்துச் சிரித்து மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். சிரிப்பு முடிந்தும் தலையைத் தூக்கவில்லை. அமலி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அதற்குப் பிறகு வாரா வாரம் ஆட்டத்தைவிடத் திருத்தத்துக்காகத்தான் காத்திருந்தார்கள். தன் நிழலோடு இசக்கி தீராத சண்டை போட்டான். அவன் எனக்குப் பிடிக்காத கத்தரிக்காயைத் தின்கிறான் என்பான். அவன் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறான், எனக்கே கூச்சமாயிருக்கிறது என்பான். அமலி பொறுமையாக நிழல் ஆடியதைப் பிரித்து, மனிதன் ஆடியதை வைத்துத் தைத்து, கதையை நடத்திக்கொண்டு போனாள்.

இரண்டாம் வருடம் ஆடி மாதத்தில் திருத்தங்கள் குறைந்தன. 'நல்லாத்தான் ஆடியிருக்கான், ஒண்ணும் மாத்த வேண்டாம்' என்று வந்தது. அடுத்த வாரமும் அப்படியே.

"நெழலு தேறிட்டாம்ல," என்று தளவாய் ஒலிபெருக்கியைத் தட்டிக்கொடுத்தான்.

பேச்சிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "எங்கண்ணன் கொற சொல்லாம இருக்கானா? அங்க உடம்புக்கு என்னமும் முடியலயோ என்னமோ," என்றாள். கப்பலில் வேலை கூடியிருக்கும் என்று அமலி சொன்னாள். நிலவை நெருங்குகிற நேரம், அவனுக்கு ஓய்வு ஏது. பேச்சி சரி என்று தலையாட்டினாள். பகடையை எடுத்தாள்.

ஐப்பசி மழையில் பேச்சிக்குக் காய்ச்சல் வந்தது. ஊரில் பலருக்கும் வந்த காய்ச்சல்தான். மற்றவர்களுக்கு விட்டது, அவளுக்கு விடவில்லை. ஜெசிமா மருத்துவமனையிலேயே கிடந்தாள். தளவாய் ரத்தம் கொடுக்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஒரு நாள் காலை பேச்சி அமலியைப் பார்த்து, "கண்டக்டர், இந்த வாரம் எனக்குப் பதிலா யாரும் பகடை உருட்டாண்டாம், நானே வாரேன்," என்றாள். அன்று மாலைக்குள் போய்விட்டாள். அண்ணன் இருந்து செய்ய வேண்டியதைப் பெரியப்பா மகன் செய்தான்.

காரியம் முடிந்து அமலியின் மாடியறையில் மூவரும் உட்கார்ந்திருந்தபோது விமலாதித்தன் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்கவே கஷ்டமா இருக்கு. இசக்கி சாருக்கு இப்ப இது தெரிய வேண்டாம். கப்பல் நிலவைச் சுத்த ஆரம்பிக்கிற கட்டம். எஞ்சின் முழுக்க அவர் கையில. அஞ்சு உயிர். தங்கச்சி தவிர அவருக்கு யாரும் இல்லன்னு உங்களுக்கே தெரியும்."

"அப்ப எப்பச் சொல்லணும்கீங்க?" என்று ஜெசிமா கேட்டாள்.

"திரும்பி வர ஆரம்பிச்சதும்."

"அது வரைக்கும் ஞாயித்துக்கெழம பதிவுல பேச்சி குரல் இல்லன்னா அவன் கேக்க மாட்டானா?"

விமலாதித்தன் பையைத் திறந்தார். உள்ளே இன்னொரு ஒலிபெருக்கி இருந்தது.

ஜெசிமா எழுந்து நின்றுவிட்டாள். "செத்தவள வெளையாட வைக்கப் போறீங்களா? அவளக் குளிப்பாட்டி அனுப்புன கை இது. அதே கையால நான் இங்க உக்காந்து பகடை உருட்டணுமா?"

"டாக்டர், இது பேச்சிக்காக இல்ல. அவருக்காக."

"அமலி, நீ சொல்லு," என்றாள் ஜெசிமா.

அமலி நினைத்துப் பார்த்தாள். அத்தனை தூரத்தில், ஒரு தகரக்கூட்டுக்குள், அழுதால் தோளைத் தட்டச் சொந்தக்காரர் ஒருவர் இல்லாத இடத்தில் இசக்கி அந்தச் சேதியைக் கேட்பதை நினைத்தாள். துறைமுகத்தில் புயல் நேரத்தில் கப்பல்களோடு பேசும்போது அவளுக்குப் பழகிய விதி ஒன்று உண்டு. சுக்கான் பிடித்திருக்கிறவனிடம் அவனுக்கு அந்த நிமிடம் வேண்டாததைச் சொல்லாதே.

"கொஞ்ச நாளைக்குத்தான, ஜெசிமா," என்றாள்.

ஜெசிமா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. பல் மருத்துவமனையில் வேலை அதிகம் என்று பதிவில் சொல்லிக்கொள்ளும்படி செய்தி அனுப்பினாள். அந்த ஒரு பொய்யோடு அவள் பங்கு முடிந்தது.

பேச்சியின் நிழல் வாய் திறந்த முதல் ஞாயிறு வெயில் நன்றாக அடித்தது. கீழே தெருவில் ஐஸ்வண்டி மணி கேட்டது. அமலி கதையைத் தொடங்கினாள். உப்புக்கோட்டையின் வடக்கு வாசல், காவலர்கள் மாறும் நேரம், யார் முதலில் போகிறீர்கள்?

"நான் போறேன் கண்டக்டர்," என்றது ஒலிபெருக்கி. "எங்கண்ணன நம்பினா விடிஞ்சிரும்."

தளவாய் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

"ஏட்டி, நான் எப்ப வரமாட்டேன்னு சொன்னேன்? கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிடுதேன்," என்றது அடுத்த நாற்காலி.

"மூச்சு வாங்கதுக்கு நீ இன்னும் ஓடவே இல்லயே."

இரண்டு காலி நாற்காலிகள் ஒன்றையொன்று கிண்டல் செய்துகொண்டன. தாளம் தப்பவில்லை. எந்த இடத்தில் பேச்சி குறுக்கே விழுவாளோ அந்த இடத்தில் விழுந்தது. ஒரு கட்டத்தில் அமலிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு ஆட்டம் முடிந்து நெடுநேரம் அந்த அறைக்குள் அவள் போகவில்லை. கதவைச் சாத்தி வைத்தாள். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

கப்பலிலிருந்து பதில் வந்தது. 'அருமையா ஆடியிருக்கீங்க. ஒண்ணும் மாத்த வேண்டாம்.'

அவனுக்குத் தெரியவில்லை, நல்லதாய்ப் போயிற்று என்று அமலி மூச்சு விட்டாள். வாரங்கள் போயின. கப்பல் நிலவைச் சுற்ற ஆரம்பித்துவிட்டதா என்று கேட்கும்போதெல்லாம் விமலாதித்தன், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றார்.

தளவாயிடம் மாற்றம் தெரிந்தது. முதலில் அழுதுகொண்டே ஆடியவன் பிறகு நேரத்துக்கு முன்பே வரத் தொடங்கினான். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். மேசைக்கால் ஆடுகிறது, சரி செய்கிறேன் என்று வாரநாளில் வந்து மாடிக்குப் போனான். கடைச்சாவியை வைத்துவிட்டேன், தேடுகிறேன் என்று இன்னொரு நாள். மேலே அவன் குரலும் பேச்சியின் குரலும் தாழ்வாகக் கேட்கும். அமலி கேட்காத மாதிரி இருந்துகொண்டாள். அவளுக்குத் தெரியும். பேச்சி இருந்தபோது அவன் ஒரு நாளும் சொல்லாமல் விழுங்கியதெல்லாம் இப்போது வெளியே வருகிறது. ஆறட்டும் என்று நினைத்தாள்.

தை பிறந்து ஒரு திங்கள்கிழமை காலை அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். முகம் மலர்ந்திருந்தது.

"அமலி, பேச்சிகிட்ட கேட்டுட்டேன்."

"என்னத்த?"

"கட்டிக்கிடுதியான்னு. சரின்னுட்டா." அவன் கண்ணில் நீர் நின்றது. "இத்தன வருசம் நான்தான் மடையன் மாதிரி வாயத் தொறக்காம இருந்திருக்கேன். அவளுக்கும் மனசுல இருந்திருக்கு. அண்ணன்கிட்ட நானே சொல்லுதேன்னு சொல்லுதா."

"தளவாய், பேச்சி செத்துப் போயிட்டா."

"தெரியும்லா," என்றான் அவன், குழந்தைக்குச் சொல்வது போல. "அத ஏன் இப்பப் பேசுத?"

அவன் போன பிறகு அமலி வெகுநேரம் அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மாடிக்குப் போனாள். பேச்சியின் ஒலிபெருக்கியை அணைத்தாள். கப்பலுக்குப் பதிவு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

"இசக்கி, நான் அமலி பேசுதேன். இது ஆட்டம் இல்ல. நல்லாக் கேளு. ஐப்பசியில நம்ம பேச்சிக்குக் காய்ச்சல் வந்துச்சு. பொழைக்கல. ஆட்டத்துல வார 'கொடுக்கு'வச் சொல்லல நான், உன் தங்கச்சியச் சொல்லுதேன். நீ இத்தன நாளும் கேட்டது அவ இல்ல. உன்ட்ட மறைக்கச் சம்மதிச்சது நான்தான். தப்பு பண்ணிட்டேன். நீ எங்களத் திட்டு, என்ன வேணாலும் சொல்லு. ஆனா இனிமே உன்ட்ட பொய் சொல்ல என்னால முடியாது."

அனுப்பிவிட்டுக் கீழே வந்து பாலை அடுப்பில் வைத்தாள். சொல் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். அவன் கேட்டு, அழுது, பேச முடிந்து பேசினால், அது திரும்பி வர இன்னொரு முக்கால் மணி. துறைமுகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காத்திருப்பது என்று முடிவு செய்தாள்.

பால் பொங்குவதற்கு முன் மாடியில் மணி அடித்தது. கப்பலிலிருந்து செய்தி வந்தால் அடிக்கும் மணி.

அவள் படிகளில் ஏறி ஓடினாள். இசக்கியின் குரல் அறைக்குள் தெளிவாக இருந்தது.

"கேட்டேன் கண்டக்டர். கொடுக்கு செத்துட்டாளா? இது அநியாயம்லா. பகடைய இன்னொரு தரம் உருட்டச் சொல்லேன். இல்லன்னா நான் படகத் திருப்புதேன். என்ன சொல்லுத?"

அமலி அசையாமல் நின்றாள். கீழே பால் பொங்கி வழிந்து அடுப்பு சீறியது. அவள் மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

"இசக்கி, நீ எங்க இருக்க?"

மூச்சு விடும் நேரம்தான் ஆனது.

"இங்ஙனதான் கண்டக்டர். எங்க போவேன்?"

நடுவத்தின் அலுவலகத்தில் விமலாதித்தன் அவளைப் பார்த்ததுமே எழுந்து, அறைக்கதவைச் சாத்தினார். அவள் எதுவும் கேட்கும் முன்பே உட்கார்ந்துவிட்டார்.

"ஆட்டப் பதிவுக்கு நிழல் சொல்ற பதிலுக்கு மட்டும்தான் ரெண்டு நாள் தாமதம் போட்டு வச்சிருந்தோம்," என்றார். "நீங்க நேரடியா பேசுவீங்கன்னு யாரும் நினைக்கல."

"எப்ப இருந்து?"

"ஆடி மாசம். ஒரு நாள் சிக்னல் நின்னு போச்சு. வெடிச்சுதா, வழி தவறுச்சா, ஒண்ணும் தெரியல. இன்னைக்கும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க."

ஆடி மாசம். அமலி மனதுக்குள் திரும்பிப் பார்த்தாள். ஆடியில் பேச்சி மஞ்சள் தாவணி மாதிரி ஒரு துப்பட்டா போட்டுக்கொண்டு, அந்த ஒலிபெருக்கியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அங்க உடம்புக்கு முடியலயோ என்று கேட்டாள். நான்தானே இல்லை என்றேன்.

"அப்ப பேச்சி உசுரோட இருந்தா."

"ஆமா மேடம்."

"அப்ப ஐப்பசியில வந்து இசக்கிட்ட மறைக்கணும்னு ஏன் என்ட்டக் கெஞ்சுனீங்க? மறைக்கதுக்கு அங்க யாரு இருந்தா?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தங்கச்சி இறந்துட்டான்னு கேட்டா இசக்கி சார் எப்படி அழுவார்னு நிழலுக்குத் தெரியாது. அவர் அழுதது ஒரு பதிவுலயும் இல்ல. சேதி சொன்னா அது பதில் சொல்லியாகணும். சொன்னா நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க."

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

"முதல் வாரம், பொறுப்போம், தொடர்பு திரும்பக் கிடைச்சிடும்னு நினைச்சோம். எதுக்கு அதுக்குள்ள வீட்டுல இருக்கிறவங்களைப் பதற வைக்கணும்? அடுத்த வாரமும் அதையே நினைச்சோம். ஒரு மாசம் போனப்புறம் எப்படிச் சொல்றதுன்னே தெரியல." அவர் தலை நிமிர்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. "அவர் மனசு உடையக்கூடாதுன்னு நீங்க சம்மதிச்சீங்களே மேடம். உங்க மனசு உடையக்கூடாதுன்னு நாங்க அதையேதான் செஞ்சோம். கெட்ட எண்ணத்துல செய்யல."

அவரை அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் சொன்னது அவளும் செய்ததுதான்.

"மத்த நாலு வீட்டுக்கும் தெரியுமா?"

"தெரியாது. அங்கயும் நிழல்தான். வாராவாரம் பேசிக்கிட்டிருக்காங்க."

"சொல்ல மாட்டீங்களா?"

"மேலிடத்துல வேண்டாம்கிறாங்க. என்னாலயும் முடியல. ரெண்டு தடவை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்திருக்கேன். நீங்க சொன்னா நான் தடுக்க மாட்டேன்."

தளவாயின் கடைக்குப் போய் அமலி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கிரீஸ் படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான். கை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இசக்கியுமா?" என்றான் கடைசியில்.

"ஆமா."

"அப்ப ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான இருக்காவ." அவன் முகத்தில் ஏதோ ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்து அமலி பயந்து போனாள். "அண்ணனும் தங்கச்சியும் சண்ட போட்டுக்கிட்டுச் சந்தோசமா இருக்காவ. நமக்கு என்ன வந்துச்சு? நீ பாட்டுக்கு ஆட்டத்த நடத்து, நான் பாட்டுக்கு வந்து போறேன்."

"நடத்த மாட்டேன் தளவாய். இன்னைக்கே நிறுத்தப் போறேன்."

அவனும் கூடவே வந்தான். மாடியறையில் அமலி இரண்டு ஒலிபெருக்கிகளையும் போட்டாள், அவன் கடைசியாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளட்டும் என்று. அவன் பேச்சியின் நாற்காலிக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"ஏல தளவாய், ஏன் உம்முன்னு இருக்க?" என்றது பேச்சியின் குரல். "கடையில யாரும் எதும் சொன்னாவளா?"

"அவன் எப்பவும் அப்படித்தாம்ட்டி. விடு," என்றது இசக்கியின் குரல்.

"நீ சும்மா இருண்ணே. தளவாய், இங்க பாரு, நீ எதும் பேசலன்னா நான்…"

அமலி சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினாள்.

தளவாய் தரையிலேயே இருந்தான். கடல் பக்கமிருந்து ஒரு கப்பலின் ஊதல் நீளமாகக் கேட்டது. அது ஓய்ந்த பிறகு எழுந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"என்னைய ரெண்டாவது தடவையும் அவளச் சாகக் குடுக்க வச்சிட்டியே, அமலி."

அவன் படியிறங்கிப் போனான். அமலி கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது? அவனிடமிருந்து அதைப் பிடுங்கியது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தெளிவால் எந்த ஆறுதலும் வரவில்லை. அன்று அவள் ஜெசிமாவுக்குப் போன் செய்தாள். ஜெசிமா முழுவதையும் கேட்டாள். நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எந்த வீட்டுக்கு மொதல்ல போவணும்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் ஜெசிமாவின் காரில் இருவரும் பாளையங்கோட்டைக்குப் போனார்கள். வழியெல்லாம் அமலி என்ன சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எதுவும் நிற்கவில்லை.

செல்லத்துரை வாசலுக்கே வந்து வரவேற்றார். பள்ளிக்கூட வாத்தியார், சத்தமாகப் பேசுகிற மனிதர். பேச்சியின் சாவுக்கு வந்துவிட்டுப் போனவர்தான்; அதை மரகதத்திடம் சொல்ல வேண்டாம் என்று அவரையும் நடுவம் கேட்டிருந்தது. "வாங்க வாங்க, நல்ல நேரத்துல வந்தீங்க. மரகதம் பேசி அனுப்பியிருக்கா, அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கோம்," என்று உள்ளே அழைத்தார். கூடத்தில் அவருடைய சின்ன மகள் திரைக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். விழுந்த பல்லின் இடத்தைத் திரைக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். திரையில் மரகதம் சிரித்தாள். எந்த இரைச்சலும் இல்லாத ஓர் அறையில் இருந்தாள்.

"தேத்தண்ணி போடச் சொல்லட்டா, காபியா?" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்ககிட்டச் சொன்னா என்ன. இங்க இருக்கும்போது எங்களுக்குள்ள ஒரு நாளும் ஒத்துப்போனதில்ல. எதுக்கெடுத்தாலும் சண்டை. போன மொத வருசமும் அங்க இருந்துக்கிட்டே சண்டை போட்டா. இப்ப ஆறு மாசமா எம்புட்டு மாற்றம்ங்கீங்க! நான் என்ன சொன்னாலும் பொறுமையாக் கேக்கா. வரட்டும், இனிமே அவளுக்கு ஒரு கொறையும் வைக்கக் கூடாதுன்னு நானும் நெனச்சுக்கிட்டேன்."

அமலி ஜெசிமாவைப் பார்த்தாள். ஜெசிமா குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை வாசல் வரைக்கும் வந்து திரும்பிய விமலாதித்தனை அமலி நினைத்தாள். முதல் முறையாக அவர்மேல் இரக்கம் வந்தது. காபியைக் குடித்துவிட்டு, சும்மா இந்தப் பக்கம் வந்தோம் என்று சொல்லி எழுந்துவிடலாம். அவ்வளவு சுலபம் அது. இந்த வீட்டில் இன்றைக்குச் சந்தோஷம் இருக்கிறது. இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமே.

ஜெசிமா எழுந்து குழந்தையின் கையைப் பிடித்தாள். "பல்லு எப்படி விழுந்துச்சு? வாசல் வெளிச்சத்துல காட்டு, நான் பல் டாக்டர்தான்," என்று வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

செல்லத்துரை சிரித்த முகத்தோடே அமலியின் பக்கம் திரும்பினார். அவள் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன விஷயம்? எதுவும் பேசணுமா?" என்றபடி திரையின் சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டினார். மரகதம் எதற்கோ இதமாகச் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கொறைக்காண்டாம், அண்ணாச்சி," என்றாள் அமலி. "நிறுத்திட்டு, இங்க என் பக்கத்துல வந்து உக்காருங்க."